படி காயட்டும்

வினைல் ஷீட்டைக் கடையிலிருந்து வாங்கி வந்த கையோடு ஒட்டக் கூடாது. எந்த வீட்டில் போடப்போகிறோமோ அந்த வீட்டிலேயே சுருளைப் பிரித்து ஒரு நாளாவது படுக்கப் போட்டு வைக்க வேண்டும். அந்த வீட்டின் சூட்டுக்கும் குளிருக்கும் பழகினால்தான் பிறகு சுருங்காது, ஓரம் தூக்காது. இதை ஒருமுறை என் மாமனாரிடம் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "வீட்டோட மாப்ளையையும் அப்படித்தான் கொஞ்ச நாள் பிரிச்சுப் போட்டு வைக்கணும்" என்றார். நானும் சிரித்தேன். மாமாவை எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு, ஐயா. அவரை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

என் தொழில் தரை போடுவது. வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படிகளுக்கு வினைல் ஒட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. இந்த வேலையில் ஆள் எந்நேரமும் முட்டி போட்டுத்தான் இருப்பான். நீங்கள் ஒரு மனிதரை முகத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கிறீர்கள். நான் காலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டுக்காரர் வந்து இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், நான் அவருடைய கட்டைவிரலுக்குத்தான் பதில் சொல்வேன். வெளியே மினுக்கிக்கொண்டு திரிகிறவர்களின் குதிகால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம்.

அடுத்தவர் வீட்டு அழுக்கு என்னை ஒன்றும் செய்வதில்லை. படியில் கிடக்கும் பழைய கார்ப்பெட்டை உரித்தால் அடியில் என்னென்ன இருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். தலைமுடி, நகம், நாய் பெய்தது, குழந்தை கக்கியது, எப்போதோ செத்து அட்டையாகிப்போன எலிக்குஞ்சு. மனிதத் தோல் உதிர்ந்து உதிர்ந்து மாவாகும். அந்த மாவுக்கு ஒரு புளித்த வாடை உண்டு. அத்தனையையும் கூட்டி அள்ளி மூட்டை கட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு அதே வீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றிருக்கிறேன். சாயங்காலம் ஆனால் கிளம்பிவிடலாம், வாடையை அதன் சொந்தக்காரர்களிடமே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிற தைரியம்தான் காரணம். சொந்த வீட்டில் அந்த வசதி கிடையாது.

சொந்த வீடு என்று சொன்னது தவறு. அது மாமாவின் வீடு. ஒடுங்கலான வீடு, கீழே ஒரு கூடம், சமையலறை, மேலே ஒரு படுக்கையறை, நடுவில் மரப்படிக்கட்டு. மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆயுளில் பாதியை வானத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து கழித்ததாலோ என்னவோ, ஓய்வு பெற்றுக் கீழே இறங்கியதும் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஆள் வேண்டும். தொட்டுத் தொட்டுத்தான் பேசுவார். கல்யாணமான புதிதில் "வாங்க மாப்ளே, உக்காருங்க மாப்ளே" என்றவர், நான் வீட்டோடு வந்து சேர்ந்ததும் வா, போ என்று ஆரம்பித்துவிட்டார். மரியாதை போய்ப் பாசம் வந்துவிட்டது என்று என் மனைவிக்குச் சந்தோஷம். எனக்கு மரியாதையே போதுமாக இருந்தது.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. கிரேனுக்குக் கீழே கொட்டிய நிலக்கரித் தூசி என்று ஒரு டாக்டரும், அவர் பிடித்துத் தள்ளிய சிகரெட் என்று இன்னொரு டாக்டரும் சொன்னார்கள். மாடி ஏற முடியவில்லை. மேல் அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, படிக்கட்டுக்கு அடியிலிருந்த சாமான் அறையைக் காலி செய்து கட்டில் போட்டுக்கொண்டார். ஜன்னல் இல்லாத, கூரை சரிந்த அறை. நாங்கள் ஏறி இறங்குவது அவர் தலைக்கு நேர் மேலே. "என் தலையில ஏறித்தான் நடக்குறீங்க, நல்லா நடங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பார். சத்தத்தோடு இருமலும் வரும். இருமல் முடிந்ததும் காறுகிற சத்தம் வரும். அது வாயில் சேர்ந்து, உருண்டு, எங்கேயோ இறங்குகிற வரைக்கும் நான் மேலே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன்.

பகலெல்லாம் அவர் கீழ்ப்படியில்தான் உட்கார்ந்திருப்பார். மாடி ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழும். போகிற வருகிறவர்களை மறித்துப் பேசவும் அதுதான் தோதான இடம். உட்கார்ந்தவர் சும்மா இருந்தால் பரவாயில்லை. குதிகால் வெடிப்பை நகத்தால் உரிப்பார். உரித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் படியோரத்தில் அடுக்கி வைப்பார். சளி துப்பிய டிஷ்யூவை மடித்துக் கார்ப்பெட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் செருகுவார், தபால் போடுகிற மாதிரி. பல்செட்டைக் கழற்றிக் கைக்கு எட்டும் கோப்பை எதுவோ அதில் போடுவார். ஒருநாள் அது என் டீக்கோப்பையில் கிடந்தது. "நீ வர்றதுக்குள்ள டீயைக் கடிச்சுப் பார்த்துட்டேன் மாப்ளே" என்று அவருக்கு ஒரே சிரிப்பு. என் மனைவியும் சிரித்தாள். நான் கோப்பையை வெளியே எடுத்துப்போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். கழுவி வைத்துவிட்டதாகச் சொன்னேன்.

இதற்காகவெல்லாம் யாரும் யாரையும் எதுவும் செய்ய மாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அருவருப்பு கோபத்தைப் போல இல்லை, ஐயா. கோபம் ஆறும். சண்டை போட்டால் தீரும், மன்னிப்புக் கேட்டால் தீரும். அருவருப்புக்கு யார் மன்னிப்புக் கேட்பது? அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் வேலை முடிந்து வந்தால் அவர் ஆரஞ்சு உரித்துத் தருவார். எனக்காகவே வாங்கி வைக்கச் சொல்லியிருப்பார். அந்தக் கையால், அந்த நகத்தால் உரிப்பார். சுளையின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைக்கூட விடாமல் எடுப்பார். விரலில் சாறு வழிந்தால் நக்கிக்கொள்வார். நக்கிய விரலால் அடுத்த சுளையை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டுவார். "சாப்பிடு மாப்ளே, முட்டி போட்டு முட்டி போட்டே வத்திப்போயிட்டே." என் மனைவி பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் முகத்தில் இருக்கும் நிறைவைப் பார்த்தால் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது. திறந்தேன். ஒவ்வொரு நாளும் திறந்தேன். விழுங்கிவிட்டு மேலே போய் வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டுக் கக்குவேன். குழாய்ச் சத்தத்தில் கேட்காது.

படிக்கு வினைல் போடச் சொன்னது என் மனைவிதான். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். முடியளவு இடைவெளி இருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். கல்யாணமான புதிதில் விடுமுறை நாட்களில் என்னோடு வந்து காகிதத்தில் அளவு வெட்டிக் கொடுப்பாள். என் வேலையை அவள் அளவுக்குத் தெரிந்தவர் வேறு யாருமில்லை.

"அப்பாவுக்குக் கால் வழுக்குதுங்க. கார்ப்பெட் ஓரமெல்லாம் நைஞ்சுபோச்சு" என்றாள். "எல்லார் வீட்டுக்கும் போடுறீங்க, நம்ம வீட்டுக்குப் போட மாட்டீங்களா?"

"போட்டுட்டாப் போச்சு."

"பசை வாடை அவருக்கு ஆகாதே. அன்னிக்கு மட்டும் தம்பி வீட்டுல விட்டுட்டு வரட்டுமா?"

"முடியாத மனுஷனை எதுக்கு அலைக்கழிக்கிறே? தண்ணிப் பசைதானே போடப்போறேன். அதுல என்ன வாடை?"

"தண்ணிப் பசைதானே?"

"தண்ணிப் பசைதான்."

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். ஒட்டுவதற்கு எங்களிடம் இரண்டு விதம் உண்டு. ஒன்று தண்ணிப் பசை. பால் மாதிரி இருக்கும், அவ்வளவாக மணக்காது, காய நேரம் பிடிக்கும். இன்னொன்று சொல்யூஷன்; செருப்புத் தைக்கிறவர் வைத்திருப்பாரே, அந்த இனம். மூடியைத் திறந்தாலே கண் எரியும். அதன் ஆவி காற்றை விடக் கனம், மேலே போகாது. தண்ணீர் மாதிரி படி படியாக இறங்கிக் கீழே பள்ளமான இடத்தில் போய்த் தேங்கும். மூச்சுக் கோளாறுக்காரர் இருக்கும் வீட்டில் அதைத் திறக்கவே மாட்டோம். திறந்தே ஆக வேண்டுமென்றால் ஆட்களை வெளியேற்றிவிட்டு, எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவோம். இது இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித் தரும் பாடம்.

என் மனைவி காலையில் அவருக்குப் பால் கொடுத்து, மருந்து கொடுத்து, என்னிடமும் ஒருமுறை சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். நான் கார்ப்பெட்டை உரிக்க ஆரம்பித்தேன். மாமா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

மேல் படிகளில் ஒன்றுமில்லை, எங்கள் தூசிதான். கீழே வரவர மாறிற்று. கார்ப்பெட்டின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. எதனால் ஈரம் என்று நான் ஆராயவில்லை. இடுக்கிலிருந்த டிஷ்யூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சளும் பச்சையுமாக ஒரே பாளமாகியிருந்தன. அதில் வெள்ளைப் புழு நெளிந்தது. நகத்துண்டுகள் மரத்தில் குத்தி நின்றன. பாதி சப்பிய மாத்திரைகள், ஆரஞ்சுக் கொட்டைகள், குதிகால் தோல். எல்லாம் சேர்ந்து ஒரு பசை போலாகி மரத்தோடு இறுகியிருந்தது. பட்டைக் கத்தியால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. இரண்டு முறை குமட்டிக்கொண்டு வந்து எழுந்து போனேன்.

"அதெல்லாம் நான் சேத்து வெச்ச சொத்து மாப்ளே" என்றார் அவர். நான் சுரண்டிக்கொண்டே நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

"உனக்குத்தான் கஷ்டம்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "மகன்கூட இதையெல்லாம் தொட மாட்டான். நான் போய்ச் சேர்ந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"அப்படியெல்லாம் பேசாதீங்க மாமா" என்றேன். அந்த இடத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவர் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தேன் என்று நான் சொல்ல வரவில்லை. வயதானவர்கள் அப்படிப் பேசுவது வழக்கம், நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. நான் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்ப் படுத்தார். நான் படிகளைத் துடைத்துக் காய விட்டேன். படியிலும் படியோர மாடத்திலும் இருந்த அவருடைய சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மாடிக்குக் கொண்டு போனேன். கண்ணாடி, பழைய ரேடியோ, கைத்துண்டு, மூச்சு முட்டினால் வாயில் வைத்து அடித்துக்கொள்ளும் இன்ஹேலர். உரித்த கார்ப்பெட்டைச் சுருட்டி வாசல் கதவின் மேல் சாய்த்து வைத்தேன், பிறகு வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று. பசையில் தூசி படியக் கூடாது என்று கூடத்து ஜன்னல்களைச் சாத்தினேன். மாடி ஜன்னலை மட்டும் திறந்து வைத்தேன். பின் கதவு வழியாக வேனுக்குப் போனேன். இரண்டு டப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மனைவிக்குப் பதில் சொன்னபோதே மனதில் இது இருந்ததா என்று நேற்றுக் கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். இருந்தது.

படிக்கட்டில் வேலை செய்கிறவர்கள் மேலேயிருந்து ஒட்டிக்கொண்டு கீழே இறங்குவோம். அப்போதுதான் ஒட்டிய படியை மிதிக்க வேண்டி வராது; முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகப் போய்விடலாம். அன்றைக்கு நான் கீழேயிருந்து ஆரம்பித்தேன். படியிலும் ஷீட்டின் முதுகிலும் சொல்யூஷனைத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, அமுக்கி, உருளையால் தேய்த்தேன். படி முனையில் ஓடும் விளிம்புப் பட்டிக்கு மட்டும் பசையைக் கனமாக விட வேண்டும். அது காய வெகுநேரம் ஆகும். முகமூடி போட்டிருந்தேன். ஒரு படி முடிந்ததும் அடுத்த படிக்கு ஏறினேன். இப்படியே ஏறி மாடியில் போய் நின்றேன். எனக்கும் கூடத்துக்கும் நடுவில் படிக்கட்டு முழுக்கப் புதுசாக, ஈரமாக இருந்தது. திறந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினேன். வெளியே யாரோ துணி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இருமல்தான் கேட்டது. வழக்கமான இருமல் அல்ல. அடியில் ஏதோ கிழிவது போன்றது. பிறகு அவர் கதவு திறந்தது.

"மாப்ளே, என்ன இப்படி நெடி? கண்ணு எரியுதே."

"பசை மாமா. கொஞ்ச நேரத்துல போயிடும்."

"மூச்சு முட்டுது மாப்ளே. வாசக் கதவைத் தொறந்து விடேன்."

"படி ஈரமா இருக்கு மாமா. மிதிக்கக் கூடாது. காயட்டும், வரேன்."

அவர் வாசல் பக்கம் போனார். கார்ப்பெட் சுருள் நனைந்த கட்டில் மெத்தை அளவுக்குக் கனம். அதை அவரால் அசைக்க முடியவில்லை. பின் கதவு சமையலறைக்கு அப்பால். நல்ல உடம்புக்காரருக்கு அது பக்கம்தான். அவர் படிக்கட்டுக்கே திரும்பி வந்தார். வழக்கமாக உட்காரும் இடம் அதுதானே.

"என் மருந்து எங்க மாப்ளே? இங்கதான வெச்சேன்."

"மேல இருக்கு மாமா. படி காயட்டும், எடுத்துட்டு வரேன்."

தூக்கிப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருக்கலாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. கத்தவும் இல்லை, கத்துவதற்கு மூச்சு வேண்டும். "அவசரமில்ல, மெதுவா வா" என்றார். அப்புறம், "வேலை கெட்டுடாம பாத்துக்க" என்றார். சத்தியமாக அதைத்தான் சொன்னார். கீழ்ப்படியின் மேல் குப்புறச் சாய்ந்து, விளிம்பில் கையை ஊன்றினார். பட்டிக்கு அடியிலிருந்த பசை பிதுங்கிக் கையில் ஒட்டிக்கொண்டது. எனக்கு மேலேயிருந்து தெரிந்தது.

"மாமா, கையை வைக்காதீங்க, ஒட்டிக்கும்" என்றேன்.

பிறகு ஆம்புலன்ஸ் வந்தது, நீங்கள் வந்தீர்கள். எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அதன் பிறகு வீட்டுக்குள் நடந்தது.

என் மச்சினன் நல்லவன். அப்பாவின் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் உங்கள் ஆட்களிடம் எனக்காக வாதாடினான். "அத்தான் ரெண்டு டப்பாவையும் மாத்தி எடுத்துட்டார். மனுஷன் மறதியில செஞ்சதுக்கு என்ன பண்ண முடியும்? அப்பாவோட எச்சிலைத் தின்னு வளந்த நானே அவர் கார்ப்பெட்டைத் தொட மாட்டேன், இவர் தொட்டார்" என்றான். நீங்களும் அதை ஏற்றுக்கொண்டு கவனக்குறைவு என்று எழுதினீர்கள். கொஞ்ச நாள் அலைந்தால் முடிந்துவிடும் என்று வக்கீலும் சொன்னார்.

அந்த வார்த்தைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடத் தொழிலில் என்னைக் கவனக்குறைவானவன் என்று ஒருவரும் சொன்னதில்லை. டப்பா மாற்றி எடுக்கிறவன் கைக்கு யாராவது வேலை கொடுப்பார்களா? நான் போட்ட படியில் குமிழ் கிடையாது, பிசிறு கிடையாது. கவனமில்லாமலா அதைப் போட்டேன்? துக்கத்துக்கு வந்தவர்கள் என் தோளைத் தட்டி, மனசைத் தேத்திக்கோ, தெரியாமல் நடந்தது என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் கசந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் மனைவி அழுது ஓய்ந்தபின் ஒருநாள் காலை, படியைத் துடைக்கிறேன் என்று துணியோடு உட்கார்ந்தாள். துடைக்கவில்லை. படியின் உள்மூலையில் விரலை ஓட்டினாள். மேலேயிருந்து ஒட்டிக்கொண்டு இறங்கினால், மிதிக்கிற துண்டு செங்குத்துத் துண்டின் மேல் வந்து முட்டி நிற்கும். கீழேயிருந்து ஏறினால், செங்குத்துத் துண்டு மிதியின் மேல் உட்காரும். மற்றவர்களுக்கு அது ஒரு கோடு. அவள் எனக்கு அளவு வெட்டிக் கொடுத்தவள். ஒவ்வொரு படியாக விரலை ஓட்டிக்கொண்டே ஏறி, நான் நின்றிருந்த இடத்துக்கு வந்தாள்.

"நீங்க மேலேருந்துதானே ஒட்டிக்கிட்டு வருவீங்க?"

நான் அவள் விரலைப் பார்த்தேன்.

"எப்பவும் மேலேருந்துதானே?"

அவள் குரலில் கோபம் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூக்கின் மேல் புறங்கையை வைத்துக்கொண்டாள். அழுகை வந்தால் அப்படிச் செய்ய மாட்டாள். அது வேறு. அந்த முகத்தை எனக்குத் தெரியும். குழாயைத் திறந்துவிட்டு நிற்கும்போது கண்ணாடியில் நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அவள் மாடிக்கு வருவதில்லை. அவர் அறையில், அவர் கட்டிலில், அந்த வாடைக்குள் படுத்துக்கொள்கிறாள். நான் தொட்ட தட்டைத் தொடுவதில்லை. சாப்பாட்டைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நான் இறங்கும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறாள்.

என்னைப் பார்த்து ஒருவர் அருவருப்பதை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. நான் சுத்தமான மனிதன். அதனால்தான் வந்தேன். நான் வேண்டுமென்றே செய்தேன், தெரிந்து செய்தேன், கவனமாகச் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரப்படியை மிதிக்க முடியாது என்று அவரிடம் சொன்னேனே, அது முழு உண்மை அல்ல. அவசரத்துக்கு இறங்க எங்களிடம் பலகைகள் உண்டு. படிமேல் வைத்து, அதன்மேல் முட்டி போட்டால் பாரம் பரவிவிடும். ஷீட் நகராது, தடமும் விழாது. இரண்டு பலகைகள் மாடியில் என் பக்கத்திலேயே இருந்தன. இறங்க வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் இறங்கியிருக்கலாம்.

இறங்கவும் செய்தேன். அவர் கைபட்டு விளிம்புப் பட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பசை இறுகிவிட்டால் பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது. அந்தப் படி கடைசிவரை தூக்கிக்கொண்டே இருக்கும், யாருக்காவது கால் தட்டும். முகமூடியை மாட்டிக்கொண்டு பலகை மாற்றிப் பலகை வைத்து இறங்கினேன். அவருக்கு அப்போதும் மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. நான் இறங்கி வருவதைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. இன்ஹேலர் மாடியிலேயே இருந்தது. அவர் கையைப் பட்டியிலிருந்து பிரித்து எடுத்தேன். பட்டியை அமுக்கிப் பிடித்துத் தேய்த்தேன், அது உட்காருகிற வரைக்கும். அவ்வளவு நேரமும் அவர் என் மற்றக் கையின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. கையுறை போட்டிருந்தேன், அதனால் அருவருப்பாக இல்லை.